“எவ்வளவு உப்பு, அத்தே?”

எங்கள் தெருவில் என்னை ‘ஊறுகாய் அக்கா’ என்று சொல்லுவார்கள். முகத்துக்கு நேரே அல்ல, முதுகுக்குப் பின்னால்தான். அந்தப் பேச்சு ஒரு நாள் என் காதில் விழுந்தபோது எனக்குக் கோபம் வரவில்லை என்பதை இங்கேயே ஒப்புக் கொண்டுவிடுகிறேன். உள்ளூர ஒரு குளிர்ச்சி! பின்னே என்ன? ஆவக்காயா, மாவடுவா, நார்த்தங்காயா, மோர் மிளகாயா, எது போடுவதென்றாலும் நாலு வீட்டுக்காரிகள் என் வாசற்படியில் வந்து நிற்பார்கள். யார் வீட்டிலாவது சீமந்தம், காதணி விழா என்றால், சமையற்காரர் கரண்டியை எடுப்பதற்கு முன் என்னைக் கூப்பிட்டுச் சாம்பாரை ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டுக் காட்டுவார். “உங்க கைமணம் யாருக்கு வரும், அக்கா?” என்று பத்துப் பேர் சொன்னால் எந்த மனுஷிக்குத்தான் தலை நிமிராது?

இப்படி 38 வருஷம் நிமிர்ந்த தலைக்கு ஒரு நாள் சோதனை வந்தது.

என் மகனுக்குக் கல்யாணமாகி மருமகள் வந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். பாங்கியில் வேலை பார்க்கிற பெண். அதிகம் பேச மாட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு, அப்பளம், உருளைக்கிழங்கு வறுவல், ஓரத்தில் ஆவக்காய். எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு அவள் மெல்ல அடுக்களைக்கு வந்தாள்.

“அத்தே, ஒண்ணு கேட்கட்டுமா?”

பக்குவம் கேட்கப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். புளிக்குழம்புக்கு வெந்தயம் எப்போது போடுவது என்று எல்லாரும் கேட்பார்களே! “கேளும்மா” என்றேன், பெரிய மனசோடு.

“ஒரு நாளைக்கு நம்ம வீட்டிலே எவ்வளவு உப்பு செலவாகுது, அத்தே?”

இதென்ன கேள்வி? உப்பை யாராவது கணக்குப் பார்ப்பார்களா? கையால் அள்ளிப் போடுவேன். என் கைக்குத் தெரியும். அதைத்தான் சொன்னேன். அவள் “இல்லே, மாமாவுக்கு இரத்தக் கொதிப்பு இருக்கே, அதனாலே கேட்டேன்” என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தை எடுத்து வைக்கப் போய்விட்டாள்.

அவ்வளவுதான் நடந்தது. ஒரு சுடுசொல் இல்லை, முகச்சுளிப்பு இல்லை. ஆனால் எனக்குள் ஏதோ ஒன்று சுருக்கென்று தைத்தது. ‘38 வருஷமாக இந்த மனுஷருக்குச் சமைத்துப் போடுகிறேன், நேற்று வந்தவள் எனக்கு உப்புப் போடக் கற்றுக் கொடுக்கிறாளா?’ அன்று இரவு என்ன செய்தேன் தெரியுமா? சொல்ல வெட்கமாக இருக்கிறது. ரசத்தில் உப்பே போடவில்லை. ஒரு கல்கூட! எல்லாருக்கும் பரிமாறிவிட்டு எதிரே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். என் வீட்டுக்காரர் நல்லவர். ஒரு வாய் குடித்தார், என் முகத்தைப் பார்த்தார், மீதியையும் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் வரையில் எனக்கு ஒரே பல்லவிதான். “எனக்கு என்னம்மா தெரியும்? நீ படிச்சவ. நீ சொல்லு.” காய் நறுக்குவதிலிருந்து காபி கலப்பது வரையில் எதற்கெடுத்தாலும் இதுதான். கேட்கிறவர்களுக்கு அது பணிவு மாதிரி இருக்கும். சகோதரிகளே, உங்களுக்குத் தெரியாததா? ‘எனக்கு என்ன தெரியும்’ என்று ஒரு மாமியார் சொன்னால், ‘எனக்குத் தெரியாதது இந்த உலகத்தில் ஒன்றும் இல்லை’ என்று அர்த்தம். அகங்காரம் மார்பைத் தட்டிக் கொண்டு வந்தால் சுலபமாக அடையாளம் கண்டுவிடலாம். தலையில் முக்காடு போட்டுக்கொண்டு பணிவு வேஷத்தில் வந்தால்தான் கஷ்டம்.

அந்த மூன்று மாதத்தில் ஒரு மத்தியானம், பொழுது போகாமல், என் தகப்பனார் வைத்துவிட்டுப் போன புஸ்தக அலமாரியைத் தூசி தட்டினேன். கையில் வந்தது உ. வே. சாமிநாதையர் எழுதிய ‘என் சரித்திரம்’. நான் பிறந்து வளர்ந்தது கும்பகோணம். ஐயர் வேலை பார்த்த காவேரிக் கரைக் கல்லூரியைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனவள். ‘தமிழ்த் தாத்தா’ என்று பாடப் புஸ்தகத்தில் படித்ததோடு சரி. அவருடைய சரித்திரத்தைப் புரட்டினதில்லை. நடுவில் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்தேன். திறந்த இடம் அப்படிப்பட்ட இடம்! அன்று சாயங்காலம் வாசலில் விளக்கு வைக்கக்கூட மறந்து போனேன்.

அந்தக் கதையைக் கேளுங்கள்.

1880-ஆம் வருஷம். ஐயருக்கு அப்போது 25 வயது. அந்த வருஷம் பிப்ரவரி மாதத்தில்தான் கும்பகோணம் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராக வேலை கிடைத்திருந்தது. சாதாரண வேலையா? அதற்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் தியாகராச செட்டியார், பேர் போன வித்துவான். அவர் ஓய்வு பெறும்போது தம்முடைய இடத்துக்கு இந்தப் பிள்ளைதான் தகுதி என்று சிபாரிசு செய்து அமர்த்தியிருந்தார். மாதம் 50 ரூபாய் சம்பளம். ஏழ்மையில் உழன்ற குடும்பத்துக்கு அது பெரிய தொகை.

படிப்போ, கேட்க வேண்டாம். அந்தக் காலத்தில் தமிழில் மலையென்று சொல்லத்தக்க மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம், 1871 முதல் அவர் 1876-ல் காலமாகும் வரையில், கூடவே இருந்து பாடம் கேட்டவர். அதற்காக அவர் விட்டுக் கொடுத்ததும் கொஞ்சமல்ல. மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சங்கீதம் கற்றுக்கொண்டிருந்தார். ‘நந்தனார் சரித்திரம்’ பாடிய அதே பாரதியார்தான். பிள்ளையவர்களுக்கு மாணவன் சங்கீதத்தில் பொழுதைச் செலவிடுவது பிடிக்கவில்லை என்று தெரிந்ததும் அதை நிறுத்திவிட்டார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை, உலா, தூது, தலபுராணங்கள், கம்பராமாயணம், இலக்கணம் என்று அவர் தலைக்குள் இருந்த நூல்களை அடுக்கினால் ஒரு வண்டி கொள்ளாது. திருவாவடுதுறை ஆதீனத்தில் மதிப்பு. கல்லூரியில் மாணவர்களிடம் பிரியம். 25 வயதில் இத்தனையும் இருந்தால் கொஞ்சம் தலை நிமிராதா, என்னைப்போல?

அந்தச் சமயம் கும்பகோணத்துக்கு ஜில்லா முனிசீபாக மாற்றலாகி வந்தார் சேலம் இராமசாமி முதலியார். தமிழில் ஈடுபாடு உள்ளவர், அவசியம் பழக வேண்டியவர் என்று கேள்விப்பட்டு ஐயர் அவரைப் பார்க்கப் போனார். அது 1880 அக்டோபர் 21, வியாழக்கிழமை. தேதி, கிழமைகூட அறுபது வருஷம் கழித்து எழுதும்போதும் அவருக்கு மறக்கவில்லை. சுருக்கென்று தைத்த நாள் எப்படி மறக்கும்?

முதலியார் அப்படி ஒன்றும் வயதான மனிதர் அல்ல. ஐயரைவிட மூன்று வயதுதான் பெரியவர். அவர் முகமலர்ந்து வரவேற்கவில்லை. உபசாரமில்லாமல், யாரிடம் படித்தீர்கள் என்று விசாரித்தார். மகாவித்துவானின் பெயரைச் சொன்னால் தமிழ் தெரிந்த எவரும் எழுந்து உட்காருவார்கள். முதலியாரிடம் அசைவே இல்லை. என்னென்ன படித்தீர்கள் என்று கேட்டார். ஐயர் சொல்ல ஆரம்பித்தார். இத்தனை அந்தாதி, இத்தனை கலம்பகம், இத்தனை பிள்ளைத்தமிழ். முதலியார் முகத்தில் ஒரு வியப்பும் தோன்றவில்லை. சரி, புராணங்களைச் சொல்லிப் பார்ப்போம் என்று புராணங்களைச் சொன்னார். அதற்கும் இல்லை. இலக்கண நூல்களைச் சொன்னார். கடைசியில் பெரிய அஸ்திரமாகக் கம்பராமாயணத்தையும் விட்டுப் பார்த்தார். ஊஹூம்!

இதெல்லாம் படித்து என்ன பிரயோசனம் என்று கேட்டுவிட்டார் அந்த மனிதர். இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்கள் இருக்கின்றனவே, அவற்றைப் படித்ததுண்டா? சீவக சிந்தாமணி படித்ததுண்டா? மணிமேகலை? சிலப்பதிகாரம்?

படித்ததில்லை. படித்ததில்லை மட்டுமல்ல, அந்தப் புஸ்தகங்களைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. அவருடைய மகாவித்துவானான குருநாதரே பாடம் சொல்லாத நூல்கள் அவை.

இந்த இடத்தில் நான் புஸ்தகத்தை மடியில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். கேள்வி ஏன் சுட்டது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. நமக்குத் தெரிந்த நூறு விஷயத்தில் ஒன்றைப் பற்றி யாராவது குறை சொன்னால் மறுத்துப் பேசிவிடலாம். ஆவக்காயில் காரம் போதவில்லை என்று என் மருமகள் சொல்லியிருந்தால் நான் சிரித்துக்கொண்டே பதில் சொல்லியிருப்பேன். அவள் கேட்டதோ என் ஜாபிதாவிலேயே இல்லாத கேள்வி. முதலியார் கேட்டதும் அப்படித்தான். ‘நீ படித்தது தப்பு’ என்று அவர் சொல்லவில்லை. ‘நீ நிற்கிற வீட்டுக்கு இன்னொரு கட்டு இருக்கிறதே, அந்தக் கதவைத் திறந்ததுண்டா?’ என்றார். அத்தனை நாள் அதையே முழு வீடு என்று நினைத்திருந்தவருக்கு அது எப்படி இருக்கும்!

ஐயர் எத்தனையோ செய்திருக்கலாம். ‘முனிசீபுக்குத் தமிழைப் பற்றி என்ன தெரியும்?’ என்று வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கலாம். கூட இருந்தவர்கள் தலையாட்டியிருப்பார்கள். ‘சிந்தாமணி சமண நூல்தானே, சைவ மடத்தில் படித்த எனக்கு எதற்கு?’ என்றும் தள்ளியிருக்கலாம். அதற்கு இன்னும் நிறையப் பேர் தலையாட்டியிருப்பார்கள். அவர் சொன்னது ஒன்றே: புஸ்தகம் கிடைக்கவில்லை, கிடைத்தால் படிக்கத் தயார்.

முதலியாரின் முகம் அப்போதுதான் மாறியதாம். தம்மிடம் இருந்த சிந்தாமணிக் கையெழுத்துப் பிரதியையே அவர் கொடுத்தார். நீங்கள் படித்து எனக்கும் பாடம் சொல்லுங்கள் என்றார். பாருங்கள் இந்த வேடிக்கையை! கேள்வி கேட்டு மடக்கியவரும் வாத்தியார் அல்ல. அவரும் மாணாக்கனாக இருக்கத்தான் ஆசைப்பட்டார். கோபித்துக்கொண்டு திரும்பியிருந்தால் அது ஐயருக்குத் தெரிந்திருக்கவே தெரிந்திராது.

வாங்கி வந்து படித்தால், ஒன்றும் புரியவில்லை! நச்சினார்க்கினியர் உரை இருந்தது. உரை புரிந்தால் அல்லவா நூல் புரியும்? சமண சமயத்துப் பரிபாஷைகள் ஒன்றும் விளங்கவில்லை. உரையாசிரியரோ ‘என்றார் பிறரும்’ என்று பழைய அடிகளை அள்ளி வீசிக்கொண்டே போகிறார். அந்தப் பிறர் யார், அந்த நூல் எது என்று ஒரு வார்த்தை சொல்லுவதில்லை. சிந்தாமணியில் முதல் பகுதியான நாமகள் இலம்பகத்தை மட்டும் போவர் என்ற பாதிரியார் 1868-ல் அச்சிட்டிருந்தார். அதைப் பார்த்தும் சந்தேகம் தீரவில்லை. கல்லூரியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லுகிற பண்டிதர், இரவில் விளக்கடியில் உட்கார்ந்து முதல் வகுப்புப் பையன்போல எழுத்துக் கூட்டினார் என்றால் அது மிகையல்ல.

யாரிடம் போய்க் கேட்பது? அதே கும்பகோணத்தில் சமணக் குடும்பங்கள் இருந்தன. அவர்களிடம் விசாரித்துக்கொண்டு போனார். ஒரு வீட்டு வாசலில் பெரிய கோலம், மாவிலைத் தோரணம். இன்றைக்கு என்ன விசேஷம் என்று கேட்டால், சிந்தாமணி வாசித்து வந்தோம், இன்றோடு பூர்த்தியாயிற்று என்று பதில் வந்தது! தமிழ் உலகமே மறந்துவிட்டதென்று நினைத்த நூல்.  அதை அதே ஊரில் ஒரு குடும்பம், நாம் இராமாயணம் வாசிப்பதுபோல, கோலம் போட்டுத் தோரணம் கட்டி வாசித்து முடித்திருக்கிறது.

அந்த வீடுகளுக்கு ஐயர் மாணவனாகப் போனார். சமண நூல்களில் தேர்ந்த சந்திரநாத செட்டியார் போன்றவர்களிடம் போய் உட்கார்ந்து சந்தேகம் கேட்டார். சைவ ஆசாரத்தில் ஊறிய பிராமணர், சர்க்கார் கல்லூரிப் பண்டிதர், படித்த படிப்பையெல்லாம் வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டுப் பிறர் வீட்டுத் திண்ணையில் மாணவனாக உட்கார்ந்தால், நூற்று நாற்பது வருஷத்துக்கு முந்தைய கும்பகோணத்தில் ஊர் என்ன பேசியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஊர் பேச்சைக்கூடத் தாங்கிவிடலாம். உள்ளே இருந்துகொண்டு ‘நீ யார் தெரியுமா?’ என்று ஒன்று பேசிக்கொண்டே இருக்குமே, அதன் வாயை எப்படி அடைப்பது?

ஏழு வருஷம். 1887-ல் சீவக சிந்தாமணி முழுவதும், உரையோடு, சென்னையில் அச்சாகி வெளிவந்தது. மூவாயிரத்துக்கு மேற்பட்ட பாட்டுகள். அந்த ‘என்றார் பிறரும்’ இருக்கிறதே, அதைத் துரத்திக்கொண்டு போனதில் ஒவ்வொரு நூலாக அகப்பட்டது. 1889-ல் பத்துப்பாட்டு, 1892-ல் சிலப்பதிகாரம், 1894-ல் புறநானூறு, 1898-ல் மணிமேகலை. இன்று நம் பெண்கள் பள்ளிக்கூடத்து மேடையில் கண்ணகி வேஷம் போட்டுச் சிலம்பை உடைக்கிறார்களே, அந்தக் கதை நல்ல பதிப்பாக நம் கைக்கு வந்த வழி அந்த வியாழக்கிழமைக் கேள்வியிலிருந்து ஆரம்பித்தது. கேள்வி கேட்ட இராமசாமி முதலியார் 1892-ல், நாற்பது வயதுகூட நிறையாமல், காலமாகிவிட்டார்.

ஒரு சந்தேகம் வரலாம். அகங்காரத்தை அடக்குவதென்றால் யார் என்ன சொன்னாலும் கையைக் கட்டிக்கொண்டு ‘ஆமாம் சாமி’ போட வேண்டுமா? ஐயர் அப்படியும் செய்யவில்லை. யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளை அவருக்கு முன்பே பழைய நூல்களை அச்சிட்டுப் பேர் பெற்றவர், வயதில் மூத்தவர். அவரும் சிந்தாமணியைப் பதிப்பிக்க விரும்பினார். பெரியவர் கேட்கிறாரே என்று ஐயருக்குத் தர்மசங்கடம். ஆனாலும் தாம் எடுத்த காரியத்தை விடவில்லை. ‘நான்’ என்பதை விடலாம். ‘என் வேலை’ என்பதை விடக்கூடாது என்று அவர் வைத்திருந்தார் போலிருக்கிறது. நம் வீடுகளில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. வேலையை யார் தலையிலாவது கட்டிவிட்டு, ‘நான்’ என்பதை மட்டும் பத்திரமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

சிந்தாமணி வெளிவந்த பிறகு நடந்தது இன்னும் சுவாரசியம். புகழ் வந்த வீட்டுக்குப் பின்னாலேயே கண்டனமும் வந்தது. பிழைகள் மலிந்த பதிப்பு என்று துண்டுப் பிரசுரங்கள் அச்சிட்டுப் பரப்பினார்கள். ஐயருக்கு இரத்தம் கொதித்தது. இராப் பகலாக உழைத்தவரை இப்படிச் சொன்னால் கொதிக்காதா? வரிக்கு வரி பதில் எழுதினார். அதை எடுத்துக்கொண்டு போய்க் கல்லூரி ஆசிரியர் சாது சேஷையரிடம் காட்டினார். அவர் அந்தக் காகிதங்களைக் கையில் வாங்கி, கிழித்துப் போட்டுவிட்டார்! இப்படிப் பதில் எழுத ஆரம்பித்தால் இதற்கு முடிவே இராது, உங்களுக்குச் செய்ய வேண்டிய வேலை எவ்வளவோ இருக்கிறது என்பது அவருடைய அபிப்பிராயம். ஐயர் கோபித்துக்கொள்ளவில்லை. அதற்கப்புறம் எத்தனையோ கண்டனங்கள். பதில் எழுதும் வேலையையே விட்டுவிட்டார். ஆனால் ஒன்று. 1907-ல் சிந்தாமணி இரண்டாம் பதிப்பும் 1922-ல் மூன்றாம் பதிப்பும் வந்தன. புதிதாகக் கிடைத்த ஏடுகளைப் பார்த்துத் திருத்தித் திருத்தித்தான் போட்டார். சண்டைக்குப் பதில் சொல்லவில்லை. பிழைக்குப் பதில் சொன்னார்.

சேஷையர் மாதிரி ஒரு சிநேகிதி நமக்கு இருந்தால் எத்தனை குடும்பச் சண்டை மிச்சமாகும்! நாத்தனாருக்குச் சூடாக நாலு வார்த்தை டெலிபோனில் தட்டி அனுப்புவதற்கு முன்னால், “கொண்டா, பார்க்கலாம்” என்று வாங்கி அழித்துப் போடுகிற சிநேகிதி. நமக்கு வாய்க்கிற சிநேகிதிகள் பெரும்பாலும் “இதையும் சேர்த்துக் கேளு” என்று இரண்டு வரி எடுத்துக் கொடுக்கிறவர்கள்தாமே!

இதையெல்லாம் நாம் எப்படித் தெரிந்துகொண்டோம்? ஐயரே எழுதி வைத்தார். 1940 ஜனவரி முதல் ‘ஆனந்த விகட’னில் வாரா வாரம் ‘என் சரித்திரம்’ வெளிவந்தது. அப்போது அவர் மகாமகோபாத்தியாயர். சர்வகலாசாலை டாக்டர் பட்டம் கொடுத்துக் கௌரவித்திருந்த பெரியவர். வயது எண்பத்தைந்தை நெருங்குகிறது. முதலியார் வீட்டில் தாம் தலைகுனிந்த சமாசாரத்தை விட்டுவிட்டிருந்தால் கேட்பார் யார்? முதலியார் போய் ஐம்பது வருஷம் ஆகப் போகிறது. சாக்ஷி சொல்ல ஒருவரும் இல்லை. அடுப்பங்கரையில் உட்கார்ந்து பத்திரிகை படிக்கிற பெண்மணிகள்வரை ஊரெல்லாம் அறியும்படி, தாம் அடுக்கிய ஜாபிதாவையும் அது எடுபடாமல் போனதையும் அவர் விஸ்தாரமாகச் சொல்லிவிட்டார். 1942 ஏப்ரலில் அவர் காலமானதோடு அந்தச் சரித்திரம் 122-ஆவது அத்தியாயத்தில் பாதியில் நின்றது.

நான் புஸ்தகத்தை மூடியபோது வீடு இருட்டியிருந்தது. மருமகள் பாங்கியிலிருந்து வந்து விளக்கைப் போட்டாள்.

மறுநாள் யாருக்கும் தெரியாமல் ஒரு கணக்குப் போட்டேன். மளிகைச் சீட்டை எடுத்துப் பார்த்தால் மாதம் இரண்டு கிலோ உப்பு. வீட்டில் ஐந்து பேர். பென்சிலை எடுத்து வகுத்துப் பார்த்தேன். ஆளுக்கு ஒரு நாளைக்கு 13 கிராமுக்கு மேல்! வாழைப்பூ ஊறப்போடவும், பாத்திரம் தேய்க்கவும் கொஞ்சம் போகட்டும் என்று தள்ளினாலும் பத்துக்குக் குறையவில்லை. இதில் ஆவக்காய், அப்பளம், மோர் மிளகாய் சேர்த்தி இல்லை. அவை என் ‘புகழ்’ இலாகா. உலக சுகாதார ஸ்தாபனம் பெரியவர்களுக்குச் சொல்லுகிற அளவு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவு. தலைதட்டிய ஒரு சின்ன ஸ்பூன், அவ்வளவுதான். உப்பு மிஞ்சினால் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. இரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறுகிறது. இது என் வீட்டுக்காரரின் டாக்டர் இரண்டு வருஷமாகச் சொல்லிவந்த விஷயம்தான். நான் ஒவ்வொரு தடவையும் “குறைச்சலாத்தான் போடறேன், டாக்டர்” என்று சொல்லிவிட்டு வருவேன். பொய் சொன்னதாகக்கூட எனக்குத் தோன்றவில்லை. என் கைக்குத் தெரியும் அல்லவா!

அன்று சாயங்காலம் மருமகள் காய் நறுக்கும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“அன்னிக்கு உப்பைப் பத்தி ஏம்மா கேட்டே?”

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். அவளுடைய அப்பாவுக்கு 58-வது வயதில் பக்கவாதம் வந்தது எனக்குத் தெரியும். கல்யாணத்தின்போது அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடிதான் தாரை வார்த்துக் கொடுத்தார். தெரியாத சமாசாரம் ஒன்று இருந்தது. “எங்க அப்பாவுக்கு ஊறுகாய் இல்லாம சோறு இறங்காது, அத்தே. நான்தான் ஓடிப் போய் ஜாடியிலேருந்து எடுத்து வந்து போடுவேன். வேணாம்னு அம்மாவுக்குச் சொல்லத் தைரியம் இல்லே. எனக்கும் இல்லே. இங்கே மாமா தட்டிலே அதே மாதிரி பார்த்தேனா… அதான் எப்படியோ கேட்டுட்டேன்.”

மூன்று மாதம்! அவள் பயந்து கேட்டதை நான் என்னைப் பரீட்சிக்கக் கேட்டதாக எடுத்துக்கொண்டு மூன்று மாதம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன். அந்த மூன்று மாதமும் என் வீட்டுக்காரர் தட்டில் அதே ஆவக்காய் விழுந்துகொண்டுதான் இருந்தது. முன்னைவிடக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே, வீம்புக்கு.

நம்மைச் சொல்லியும் குற்றமில்லை. எத்தனையோ தலைமுறையாகப் பெண்ணுக்கு என்று வாய்த்த ராஜ்யம் இந்த அடுக்களை ஒன்றுதான். அதிலும் ஒருத்தி வந்து கணக்குக் கேட்டால் உயிர் போகிறமாதிரி இருக்கிறது. ஆபீசில் ஆண்பிள்ளைகள் ஒரு பைலுக்காக வருஷக்கணக்கில் பேசாமல் இருக்கிறார்களே, அவர்களுக்கு இந்தச் சமாதானம்கூடக் கிடையாது!

இப்போது எங்கள் வீட்டில் ஒரு சின்ன டப்பா இருக்கிறது. காலையில் அன்றைய உப்பை அளந்து அதில் போட்டுவிடுகிறோம்; ராத்திரிக்குள் அதற்குள் முடித்துக்கொள்ள வேண்டும். முதல் பதினைந்து நாள் எதுவும் வாயில் வைக்க வழங்கவில்லை. பேரன் அழுதான். எலுமிச்சம்பழம், சீரகம், மிளகு, கொத்துமல்லி எல்லாவற்றையும் முன்னிலும் தாராளமாகச் சேர்த்துப் பார்த்தேன். ஒரு மாதத்தில் நாக்கு பழகிவிட்டது. இப்போது கல்யாண வீட்டுச் சாம்பார் எனக்கே உப்புக் கரிக்கிறது. என் வீட்டுக்காரருக்கு மாத்திரை நிற்கவில்லை. அளவைக் கூட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த டாக்டர், கூட்டாமல் விட்டிருக்கிறார்.

ஊறுகாய்தான் பெரிய பிரச்னையாகிவிட்டது. ஆவக்காயில் உப்பைக் குறைத்தால் பூஞ்சைக் காளான் பிடித்துவிடும். வருஷக் கணக்கில் அது கெடாமல் இருப்பதே உப்பினாலும் எண்ணெயினாலும்தான். ஆகவே பெரிய ஜாடியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். போன சித்திரையில் இரண்டே இரண்டு மாங்காயில், உப்பைப் பாதியாக்கி, ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். மருமகளைக் கூப்பிட்டு ஒரு துண்டு கொடுத்தேன். அவள் மென்று பார்த்துவிட்டுக் கொஞ்சம் தயங்கினாள்.

“அத்தே, தப்பா நினைக்காதீங்க… இதிலே உப்பு கொஞ்சம் குறைச்சலா இருக்கே!”

எனக்குப் பழைய கோபம் அப்படியே தொண்டை வரையில் ஏறி வந்தது. ஸ்பூனையும் உப்பு டப்பாவையும் அவள் பக்கம் நகர்த்தினேன்.

“அப்படியா? எவ்வளவு போடலாம், நீயே சொல்லு” என்றேன்.